அக்கிக்குக் கொடுத்த குளிசையும் அம்மாவின் சிறுநீரகமும்: கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

பாலைநிழல் | திங்கள், இரவு 8.40

இதை எழுதும்போது அம்மா திண்ணையில் இருந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். பத்து நாள்களுக்கு முன்னர் இதே அம்மாவுக்கு நான் யார் என்று தெரியவில்லை.

நாங்கள் இலங்கையின் வடக்கே நெடுங்கேணிப் பக்கம். அம்மாவுக்கு 67 வயது. பிரஷர் பல வருடமாக உண்டு. நான்கு வருடமாகச் சிறுநீரக கிளினிக்குக்கும் போகிறார். லொசார்டானும் சலம் போகும் குளிசையும் ஒழுங்காகக் குடிப்பவர். கடந்த மாதம் வெயில் கொளுத்திய கிழமையில் வலது விலாவில் எரிவு என்றார். மறுநாள் முதுகிலிருந்து நெஞ்சுவரை ஒரு பட்டியாகக் கொப்பளங்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்தவுடனேயே அக்கி என்று சொல்லிவிட்டார்.

கிளினிக் நாளுக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. வலி தாங்க முடியாமல் அருகிலுள்ள ஒரு தனியார் மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்த வைத்தியரும் அக்கி என்றே சொன்னார். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் குளிசை நாளுக்கு ஐந்து தடவை, ஏழு நாள். வலிக்கு டைக்ளோபினாக் காலையும் இரவும். அவர் வேறு வருத்தம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "படலையடியில் தம்பி நிற்கிறான், சாப்பிட வரச்சொல்லு" என்றார். மாமாவை நாங்கள் இழந்தது 2009இல். எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்தால் கை வெட்டி வெட்டி இழுத்து அது கீழே விழுகிறது. நடக்கவிட்டால் சரிகிறார். வந்தவர்களில் ஒருவர் காத்துக் கறுப்பு என்றார், ஒருவர் பாரிசவாதம் என்றார். நல்ல காலமாக என் தம்பி யாரையும் கேட்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: "அம்மா என்னென்ன குளிசை குடிக்கிறார்?" பையைக் கட்டிலில் கொட்டினோம். அசைக்ளோவிர் அட்டையையும் டைக்ளோபினாக் அட்டையையும் தனியாக எடுத்து வைத்தார். இரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கான் செய்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். மூளையில் அடைப்பு இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் வழமையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் தேங்கித் தலைக்கு ஏறிவிட்டது என்றார் அந்த வைத்தியர். இரண்டு குளிசையையும் நிறுத்தி மூன்றாம் நாள் காலையில் அம்மா, "மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா?" என்று கேட்டார்.

இங்கே இந்த வருத்தமும் இந்தக் குளிசையும் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். அம்மாவைப் போலக் கிளினிக் கொப்பியோடு வாழ்பவர்கள் எங்கள் ஊரில் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

---

மருந்தாளர்_மாங்குளம் | திங்கள், இரவு 10.05

தங்கச்சி, அம்மா தேறியது பெரிய ஆறுதல். மருந்து கொடுக்கும் தொழிலில் 20 வருடம் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அசைக்ளோவிர் கெட்ட மருந்து அல்ல. இதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் புகுந்த கலத்தில், வைரஸின் சொந்த நொதியம்தான் இந்த மருந்தைத் தூண்டிவிடும். நல்ல கலங்களில் அந்த நொதியம் இல்லாதபடியால் அவற்றுக்குப் பெரிய சேதம் வராது. அதனால்தான் உலகம் முழுவதும் நாற்பது வருடத்துக்கு மேலாக இதை நம்பிக் கொடுக்கிறார்கள்.

வில்லங்கம் வெளியேறும் வழியில் இருக்கிறது. இந்த மருந்து பெரும்பாலும் மாற்றமில்லாமல் சலத்தோடுதான் போகும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இரத்தத்திலுள்ள மருந்து பாதியாகக் குறைய மூன்று மணி நேரம் போதும். சிறுநீரகம் அடியோடு செயலிழந்தவருக்கு அதே பாதிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். முதற்குளிசை போகுமுன் இரண்டாவது வருகிறது, இரண்டாவது போகுமுன் மூன்றாவது. மதகு பூட்டிய குளத்துக்குள் வாய்க்கால் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான். அளவு மீறியதும் மூளை கலங்கும். உளறல், இல்லாத ஆளைக் காண்பது, கை கால் வெட்டி இழுப்பது, தூங்கி வழிவது, தள்ளாட்டம். பெரும்பாலும் மருந்து தொடங்கி ஒன்று முதல் மூன்று நாளுக்குள் இது தலைகாட்டும். உங்கள் அம்மாவுக்கும் மூன்றாம் நாள்.

ஆகவே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைப் பார்த்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். அந்த எண் நிமிடத்துக்கு 25 மில்லிலீற்றருக்கும் 10க்கும் இடையில் இருந்தால், அக்கிக்கு 800 மில்லிகிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 10க்குக் கீழே என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஐந்து தடவை என்பது நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு எழுதும் கணக்கு. இந்த எண்களைப் பார்த்து யாரும் வீட்டிலிருந்தபடியே அளவை மாற்றிவிட வேண்டாம். வைத்தியர் அளவை யோசிக்க வேண்டிய மருந்து இது என்பதை நீங்கள் தெரிந்திருக்கவே எழுதுகிறேன்.

டைக்ளோபினாக்கையும் சொல்லாமல் விட முடியாது. அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். லொசார்டான் போன்ற பிரஷர் குளிசை, சலம் போகும் குளிசை, டைக்ளோபினாக் அல்லது இபுபுரோபன் ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால், அசைக்ளோவிர் இல்லாமலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். வலியில் சாப்பாடும் தண்ணீரும் குறைந்து, வெளியே வெயிலும் எரித்தால் சொல்லவே வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் அசைக்ளோவிர் சிறுநீரகக் குழாய்களுக்குள் பளிங்காகப் படிவதும் உண்டு. ஊசியாக வேகமாக ஏற்றும்போது அந்த ஆபத்து அதிகம், குளிசையிலும் இல்லை என்று சொல்ல முடியாது.

---

சிறுபோகம் | செவ்வாய், காலை 6.20

எல்லோரும் நல்ல மனத்துடன்தான் எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. என் ஐயாவுக்குப் போன வருடம் நெற்றியில் அக்கி வந்தது. இதே 800, இதே ஐந்து தடவை. எந்தக் குறையும் இல்லாமல் மாறியது. ஐயாவுக்கு 71 வயது. இந்த இழையை வாசித்துவிட்டு நாளைக்கு யாராவது, "அந்தக் குளிசை தலையைக் கலக்குமாம்" என்று குடிக்காமல் விட்டால் அந்தப் பாவம் யாருக்கு? எங்கள் கிராமத்தில் ஒருவர் காவியைப் பூசிக்கொண்டு ஒரு கிழமை வீட்டில் இருந்தார். அவருக்கு இன்றைக்கும் சட்டை உரசினால் நெருப்புப் பட்டதுபோல எரிகிறது. வயலில் இறங்க முடியவில்லை.

---

மருந்தாளர்_மாங்குளம் | செவ்வாய், காலை 7.45

தம்பி, நீங்கள் சொன்னது மிகச் சரி. ஐயாவின் சிறுநீரகம் நன்றாக இருந்திருக்கும், அதனால் அந்த அளவு அவருக்குப் பொருந்தியது. மருந்தை மறுப்பதும் ஆபத்துதான். கொப்பளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் நன்றாகக் கிடைக்கும். அதற்காகவே கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது என்கிறேன். பாலைநிழல் தங்கச்சி உடனே போனது சரியான காரியம். கொப்பி மட்டும் கூடப் போகவில்லை.

நெற்றியில் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நெற்றி, கண் இமை, மூக்கு நுனி ஆகிய இடங்களில் கொப்பளம் கண்டால் அதே நாளில் கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பார்வை போகக்கூடிய இடம் அது. காதுக்குள் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் அதே நாளில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

---

தாதி_புதுக்குடியிருப்பு | செவ்வாய், மாலை 5.30

வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். ஒரு விடயத்தை உடனே எழுத வேண்டும். "அசைக்ளோவிர் குடிப்பவர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று இனி எல்லோரும் சொல்லத் தொடங்குவார்கள். பெரும்பாலானோருக்கு அது சரி. ஆனால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்கள், கால் வீங்கி மூச்சு வாங்குபவர்கள், இருதயம் பலவீனமானவர்கள் ஆகியோருக்குக் கிளினிக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து சொல்லியிருப்பார்கள். அவர்கள் செம்பு செம்பாகக் குடித்தால் தண்ணீர் நெஞ்சில் ஏறிவிடும். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டு அந்த அளவுக்குள் குடியுங்கள். இரத்தச் சுத்திகரிப்புச் செய்பவர்கள், சுத்திகரிப்பு நாளில் குளிசையை அது முடிந்த பிறகுதான் எடுக்க வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இயந்திரம் அசைக்ளோவிரையும் இழுத்து வெளியேற்றிவிடும்.

வலிக்கு எங்களுக்கு முதலில் நினைவு வருவது பரசிட்டமோல்தான். பெரியவர் ஒருவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. உடல் மெலிந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அதிலும் குறைவு. "பனடோல் வலிக்குக் கேட்காது" என்று கடையில் டைக்ளோபினாக் போன்ற வலிக்குளிசை கேட்டு வாங்குவதை நான் நாள்தோறும் காண்கிறேன். டெங்குக் காலத்திலும் அந்த வலிக்குளிசைகள்தான் ஆட்களை ஆபத்தில் கொண்டுபோய் விடுகின்றன. அக்கியின் வலி நரம்பு வலி என்பதால் வைத்தியர் கபபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின் எழுதுவார். கபபென்டினும் சலத்தோடு வெளியேறுவதே. சிறுநீரகம் பழுதானவருக்கு அதையும் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். அசைக்ளோவிரும் கபபென்டினும் ஒன்றாகத் தேங்கினால் ஆள் எழும்பாமல் கிடப்பார், வீட்டில் உள்ளவர்கள் "பாவம், வலி குறைந்து நித்திரை கொள்கிறார்" என்று நினைப்பார்கள். நான் விடுதியில் கண்டது இது.

இன்னொன்று. அக்கி வந்தவர் உளறினால் அது மருந்தால்தான் என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். வைரஸே மூளைக்குள் போவதும் அரிதாக நடக்கும். காய்ச்சல், கடும் தலையிடி, வலிப்பு கூட இருக்கலாம். அதற்கு வைத்தியம் இதே அசைக்ளோவிரை ஊசியாக ஏற்றுவது! இரண்டையும் பிரித்தறிவது ஆஸ்பத்திரியின் வேலை. மீதிக் குளிசைகளோடும் கொப்பியோடும் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது வீட்டாரின் வேலை.

---

முத்தையன்கட்டு_தங்கை | செவ்வாய், இரவு 9.12

அக்கா, ஐயா, எனக்கு ஒரு கேள்வி. என் அண்ணாவுக்கு 2009இல் முதுகுத்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாகக் குழாய் வைத்துத்தான் சலம் எடுக்கிறோம். அடிக்கடி கிருமி பிடித்துக் காய்ச்சல் வரும். தசை இறுக்கத்துக்குப் பக்லோபென் குடிக்கிறார். இப்போது தோளில் அக்கி போல ஒன்று வந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னர் எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டில் "சாதாரண அளவு" என்றுதான் இருக்கிறது. அப்படியானால் ஐந்து தடவை குடிக்கலாமா?

---

மருந்தாளர்_மாங்குளம் | செவ்வாய், இரவு 9.40

தங்கச்சி, உங்கள் கேள்வியைக் கண்டதும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுதுகிறேன். நாளைக் காலையிலேயே அண்ணாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போனவுடன் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள்.

முதலாவது அந்த ரிப்போர்ட். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. பல வருடமாக நடக்காமல் கால் தசை வற்றிப்போனவருக்கு அது உடம்பில் உண்டாவதே குறைவு. அதனால் சிறுநீரகம் பாதி பழுதாகியிருந்தாலும் தாளில் எண் நல்ல பிள்ளையாக நிற்கும். காலை இழந்தவர்களுக்கும், மிக மெலிந்த வயோதிபர்களுக்கும் இதே ஏமாற்றம் உண்டு. "அண்ணாவுக்குக் கால்களில் தசை இல்லை, சலக் கிருமி பல தடவை வந்தது, இந்த எண்ணை நம்பலாமா?" என்று நேராகவே கேளுங்கள். அதைப் பிடிக்காத வைத்தியர் இருக்க மாட்டார். தேவையென்றால் வேறு முறையில் சோதித்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது பக்லோபென். அதன் பெரும்பகுதியும் சிறுநீரகம் வழியாகவே போகும். சிறுநீரகம் சோர்ந்தால் அதுவும் தேங்கி மயக்கமும் குழப்பமும் தரும். ஆனால் பயந்துபோய் பக்லோபெனைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பும் கடும் இறுக்கமும் வரலாம். கூட்டுவதோ குறைப்பதோ வைத்தியர் சொல்லி மட்டும்.

எங்கள் மண்ணில் முதுகுத்தண்டுக் காயத்தோடு வாழும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு எந்தப் புதுக் குளிசை எழுதினாலும் இந்தக் கிரியாட்டினின் விடயம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். இதை வாசிப்பவர்கள் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள்.

---

வற்றாப்பளை_வழி | புதன், காலை 8.15

நான் வயதானவன், மகன்தான் தட்டச்சுச் செய்து தருகிறான். அக்கியும் அம்மாள் வருத்தமும் ஒரே கிருமி என்று மகன் சொல்கிறான். உண்மையா? எங்கள் வீட்டில் அம்மாள் வந்தால் வேப்பிலை கட்டி, மச்சம் விலக்கி, ஆளைத் தனியாக வைத்து, தண்ணீர் வார்த்து முடியும்வரை மருந்து கொடுப்பதில்லை. கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்து வளர்ந்த சனம் நாங்கள். இப்போது பேரப்பிள்ளைக்கு அம்மாள் வந்திருக்கிறது. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளுக்குச் சிறுவயதில் அம்மாள் வந்ததாக நினைவில்லை என்கிறாள்.

---

தாதி_புதுக்குடியிருப்பு | புதன், காலை 8.50

ஐயா, மருமகளை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அல்லது உங்கள் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தருக்கு இப்போதே தொலைபேசி எடுங்கள். கொப்பளம் அவர் மேனியில் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கர்ப்பிணிக்குக் கொப்பளிப்பான், அதாவது நீங்கள் சொல்லும் அம்மாள் வருத்தம், வந்தால் நுரையீரலைத் தாக்கிக் கடுமையாகலாம். அவருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்கலாம். இல்லையென்றால் தடுக்க வழி இருக்கிறது, நாள் கடந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். மற்ற நோயாளிகளோடு இருக்க வைக்காமல், வாசலிலேயே விடயத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.

மகன் சொன்னது உண்மைதான் ஐயா. கொப்பளிப்பான் மாறிய பிறகும் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கும். வயது போய் உடம்பு தளரும்போது, அல்லது பிரட்னிசலோன் போன்ற மருந்துகளால் எதிர்ப்புச் சக்தி குறையும்போது, ஒரு நரம்பு வழியாக எழுந்து வரும். அதுதான் அக்கி. அக்கியின் கொப்பள நீர் பட்டாலும், முன்னர் வராதவருக்குக் கொப்பளிப்பான் வரலாம். மூடிக் கட்டி வைப்பதும் கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் கிட்ட விடாமல் இருப்பதும் அதற்காகவே.

வேப்பிலை கட்டுங்கள், ஆளைத் தனியாக வையுங்கள், நேர்த்தியும் இருக்கட்டும். என் அம்மாவும் எனக்கு அப்படித்தான் செய்தார். தனியாக வைக்கும் வழக்கம் எத்தனையோ பேரைக் காத்திருக்கிறது. ஆனால் மருந்து வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக வைக்காதீர்கள். நல்ல சுகதேகியான சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ் மருந்து தேவைப்படாது. வளர்ந்தவருக்கு வந்தால் கொப்பளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்குவது நல்லது. பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய் ஒன்று அதனால் வரலாம். இபுபுரோபன் பாணியும் வேண்டாம். அளவறிந்து பரசிட்டமோல் மட்டும்.

---

வற்றாப்பளை_வழி | புதன், பிற்பகல் 1.30

மகன் மருமகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். இரத்தம் எடுத்திருக்கிறார்கள். பேரன் என்னோடு இருக்கிறான், விளையாடுகிறான். பிள்ளை, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

---

ரொறன்ரோவிலிருந்து_மல்லாவி | புதன், இரவு 11.20

நான் கனடாவில் இருக்கிறேன், ஊர் மல்லாவி. வாசித்து நெஞ்சு பதறிவிட்டது. போன மாதம் அத்தைக்கு அக்கி என்று கேள்விப்பட்டு, இங்கே எனக்கு முன்பு எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியிருந்த வலசைக்ளோவிரை ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அத்தை ஊரிலும் அசைக்ளோவிர் குடித்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு மருந்து என்றுதான் நினைத்தேன். அத்தை இப்போது நலம். ஆனால் நான் செய்தது எவ்வளவு பெரிய பிழை?

---

மருந்தாளர்_மாங்குளம் | வியாழன், காலை 7.10

பெரிய பிழைதான் தம்பி. ஆனால் பாசத்தில் நடந்தது, நீங்கள் இங்கே எழுதியதால் பத்துப் பேர் தப்புவார்கள். வலசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராகவே மாறும். வாயால் குடிக்கும் அசைக்ளோவிரில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். வலசைக்ளோவிரில் பாதிக்கு மேல் சேரும். அதனால்தான் ஐந்து தடவைக்குப் பதிலாக 1 கிராம் மூன்று தடவை போதும். இரண்டையும் ஒன்றாகக் குடித்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் குடித்ததற்குச் சமம்.

எங்கள் நாட்டிலேயே பேராசிரியர் சேனக பிபிலே அரை நூற்றாண்டுக்கு முன்னர் இதற்காகப் போராடினார். மருந்தைக் கம்பனிப் பெயரால் எழுதாமல் அதன் உண்மைப் பெயரால் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. விலைக்காக மட்டும் அல்ல, நோயாளி தான் என்ன குடிக்கிறார் என்று அறிவதற்கும் அதுதான் வழி. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயரை வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புங்கள், சொக்லேட் அனுப்புங்கள், மிச்சக் குளிசை அனுப்பாதீர்கள்.

வேறு மருந்துகளோடு மோதுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொய்வுக்குத் தியோபிலின் குடிப்பவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அசைக்ளோவிர் இரத்தத்தில் தியோபிலினைக் கூட்டிவிடும். சத்தி, நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள் குடிக்கும் மைக்கோபினோலேற் இதனோடு சேர்ந்தால் இரண்டின் அளவும் ஏறும். அவர்கள் குடிக்கும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை தாமாகவே சிறுநீரகத்தைச் சோதிப்பவை. அவர்களுக்கு அக்கி வந்தால் மாற்றுச் சிகிச்சை செய்த பிரிவுக்கு அறிவிக்காமல் ஒரு குளிசையும் தொடங்கக் கூடாது. மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் குடிப்பவர்களும் அப்படியே தங்கள் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

---

சிறுபோகம் | வியாழன், காலை 9.05

மருந்தாளர் ஐயா, வயற்காரர் சார்பில் சில கேள்விகள். எலிக்காய்ச்சலுக்குப் பொதுச் சுகாதார பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை இதோடு குடிக்கலாமா? கள்ளுக் குடிக்கலாமா? ஒரு வேளை தவறினால்? பால் கொடுக்கும் தாய் குடிக்கலாமா? நெருஞ்சிமுள் கசாயம் சிறுநீரகத்துக்கு நல்லது என்கிறார்களே?

---

மருந்தாளர்_மாங்குளம் | வியாழன், மதியம் 12.30

டொக்சிசைக்கிளினும் அசைக்ளோவிரும் பெரிதாக மோதுவதில்லை, குடிக்கலாம். ஆனால் காய்ச்சலும் உடல் உழைவும் சலம் குறைவும் இருந்தால் அதை அக்கிக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தையே பிடிக்கும். கள் இந்த மருந்தோடு நேராகச் சண்டை பிடிக்காது, உடம்பை வற்ற வைக்கும். அந்த ஏழு நாளும் விடுங்கள். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் குடிக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் குடிக்க வேண்டாம். பாலில் மிகச் சிறிதளவே சேரும், வைத்தியர் பெரும்பாலும் அனுமதிப்பார். மார்பில் கொப்பளம் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது.

கசாயத்தைப் பற்றி: நெருஞ்சி சலத்தைக் கூட்டும் மூலிகை. வற்றிக் கிடக்கும் உடம்பில் மேலும் சலத்தைக் கூட்டினால் என்னவாகும்? பரியாரியிடம் போகும்போதும் கொப்பியைக் காட்டுங்கள், நல்ல பரியாரி அதைப் பார்த்துத்தான் மருந்து தருவார். சிறுநீரகம் பழுதானவர்கள் காமரங்காய்ச் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும் தொடவே கூடாது. காமரங்காயும் விக்கலில் தொடங்கி இதே போலப் புத்தியைக் குழப்பும். பழம்தானே என்று நினைப்பார்கள்.

---

முத்தையன்கட்டு_தங்கை | வெள்ளி, மாலை 6.15

அண்ணாவைக் கொண்டுபோனோம். அக்கிதான். நீங்கள் எழுதியதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். வேறொரு இரத்தச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார், முடிவு வரும்வரை குறைந்த அளவில் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு நாளும் சலத்தை அளந்து எழுதச் சொன்னார். அண்ணா தானே கொப்பியில் கோடு போட்டு எழுதுகிறார். நேற்று 1,450 மில்லிலீற்றர்.

---

பாலைநிழல் | சனி, காலை 7.00

வற்றாப்பளை ஐயா, மருமகளின் சோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறார்.

நேற்று அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். கிரியாட்டினின் பழைய நிலைக்குக் கிட்ட வந்துவிட்டது. கொப்பளம் எல்லாம் காய்ந்து பொருக்காகிவிட்டது, எரிவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கிளினிக் வைத்தியர் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் மூன்று வரி எழுதினார்: சிறுநீரகத்தின் நிலை, டைக்ளோபினாக் வகை வலிக்குளிசை வேண்டாம், அசைக்ளோவிர் கொடுத்தால் அளவு குறைக்க வேண்டும். நான் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துத் தம்பிக்கும் தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மகளுக்கும் அனுப்பிவிட்டேன். கொப்பி இப்போது அலுமாரியில் இல்லை. வாசல் கதவருகே, குடை தொங்கும் ஆணியில் ஒரு பையில் தொங்குகிறது.

அந்த மருந்தகத்துக்கும் போனேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். வைத்தியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைப் பார்க்க வரலாமா என்று கேட்டார். நாளைக்கு வருகிறார்.